யாரும் அடிக்காத தடம்

ஆடு உயிரோடு இருக்கும்போது எதையும் சொல்லாது, உரித்துத் தொங்கவிட்டால் எதையும் மறைக்காது என்று இறைச்சிக் கூடத்தில் தரம் பார்க்கும் தரக்காரர் அடிக்கடி சொல்வார். அவர் சொல்லுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது.

தோல் நீக்கிய உடல்கள் கொக்கியில் தொங்கியபடி, தலைக்கு மேலே ஓடும் இரும்புத் தண்டில் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வரும். அவர் ரப்பர் ஏப்ரன் கட்டிக்கொண்டு, கையில் குட்டைக் கத்தியோடு நின்று பார்ப்பார். கன்றிப்போன சதை கண்ணில் பட்டால் வரிசையை நிறுத்துவார். பளிச்சென்ற சிவப்பு என்றால் இன்று விழுந்த அடி. கறுத்த ஊதா என்றால் நேற்றையது. ஓரத்தில் பச்சையும் மஞ்சளும் இறங்கியிருந்தால் அதற்கும் முந்தையது. கம்பியடி நீளமாக இருக்கும். லாரித் தட்டியில் மோதியது வட்டமாக இருக்கும். ரோமத்தைப் பற்றித் தூக்கியிருந்தால் விரல்கள் தனித்தனியாகத் தெரியும். கெட்ட சதையை அரிந்து வாளியில் எறிந்துவிட்டு, அதற்குப் பொறுப்பான ஆளைக் கூப்பிடுவார்.

அன்று காலை வந்த சுமையில் பாதி ஆடுகளின் முதுகில் நீளக் கோடுகள். பாதையெல்லாம் பள்ளம், ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்துவிட்டன என்றான் லாரி ஓட்டி வந்தவன். தரக்காரர் அவனுடைய பிடரியைப் பிடித்து இழுத்துப்போய், தொங்கிய உடல் ஒன்றின் முதுகில் முகத்தை வைத்து அழுத்தினார். குளிர்ந்த சதையில் மூக்கும் வாயும் புதைய, அவன் கால்களை உதைத்துக்கொண்டான். மூச்சுக்குத் தவித்துத் துவண்டபோதுதான் விட்டார்.

"பள்ளம் கையில கம்பி வச்சிருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அவன் இருமிக்கொண்டே கம்பியை ஒப்புக்கொண்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தோல் உரிக்கிற மேடையில் நின்ற சின்னவனும் சிரித்தான். சின்னவன் தரக்காரரின் உடன்பிறந்த தம்பி. அண்ணன் கை ஓங்கும் இடத்தில் தானும் ஓங்குவதைத் தவிர வேறு கொள்கை இல்லாதவன்.

அன்று மதியமே தரக்காரர் தங்கை வீட்டுக்குப் போனார். தாய் தகப்பன் போன பிறகு அவர் தோளில் போட்டு வளர்த்த பெண். கல்யாணமாகிக் குடித்தனம் நடத்துகிறவளை வீட்டில் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுடைய கணவர் கண்ணாடித் தகடுகளை அளவாக வெட்டி விற்கிறவர். கீழே கடை, மேலே வீடு.

மாடி ஜன்னல் கண்ணாடிகளில் எல்லாம் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. பட்டப்பகலில் விளக்கு எரிந்தது. பாப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மூடி திறக்காத ஒரு பாட்டிலை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துப் போராடிக்கொண்டிருந்தாள். அண்ணனைக் கண்டதும் எழுந்தாள். எழுந்த வேகத்தில் உடை விலகி முழங்காலுக்குக் கீழே தெரிந்தது.

தரக்காரரின் கண் தானாகவே வேலையைத் தொடங்கியது. கெண்டைக்காலில் ஒன்று ஊதா. முழங்காலுக்குப் பக்கத்தில் ஒன்று சிவப்பு, புதியது. முன்னங்கையில் ஒன்று மஞ்சள் ஓரம் கட்டியது. இரண்டு கன்னங்களும் அறை வாங்கியதுபோலச் சிவந்திருந்தன. இரண்டு மணிக்கட்டுகளும் முறுக்கிவிட்டதுபோல வீங்கியிருந்தன. நெற்றியோரத்தில் முடி கொட்டி மண்டைத் தோல் தெரிந்தது. தலையணையில் கொத்தாக முடி கிடந்தது. காலெல்லாம் குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகளும் இருந்தன. உரித்த சதையில் அப்படிப் புள்ளிகளை அவர் பார்த்ததே இல்லை. அதனால் அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

யார் என்று கேட்டார். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் தலையை வேகமாக ஆட்டினாள்.

"யாரும் இல்லண்ணே. தானா வருது. காலையில எந்திரிச்சா விரல மடக்கவே முடியல. வெயில் கொஞ்சம் பட்டாலும் மூஞ்சி எரியுது. அவருதான் எனக்குத் தலையே வாரி விடறாரு."

"வாரி விட்டுத்தான் பாதித் தலையக் காணோமாக்கும்."

அவள் சொல்லிப் பார்த்தாள். கணவர் ஏற்கெனவே இரண்டு மருத்துவர்களிடம் காட்டினாராம்; ஒருவர் மூட்டுவலிக்கு மாத்திரை கொடுத்தார், இன்னொருவர் முகத்துக்குக் களிம்பு எழுதினார். மூன்றாவது மருத்துவர்தான் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டுவிட்டு ரத்தமும் சிறுநீரும் எடுத்துக்கொண்டாராம். நாளைக்கு முடிவு தெரியுமாம். தரக்காரருக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. அடித்துவிட்டு, ஒரே இடத்தில் காட்டினால் மாட்டிக்கொள்வோம் என்று இடம் மாற்றி மாற்றி மருந்து போடுகிறான். வெளியே தெரியாமல் இருக்க ஜன்னலையும் மூடிவிட்டான்.

"ஆட்டுக்கு வாயிருந்தா அதுவும் இப்படித்தான் சொல்லும் பாப்பா. தானா வந்துச்சுன்னு."

அவர் கீழே இறங்கும்போதே சின்னவனுக்குப் போன் போட்டார்.

கண்ணாடிக்காரர் கல் மேடையில் ஒரு பெரிய தகட்டைக் கிடத்தி, அளவுகோலை வைத்துக் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர், அதிர்ந்து பேசாதவர். வாங்க மச்சான் என்று நிமிர்ந்தவரின் வாயில் முதல் குத்து விழுந்தது. பின்னால் சாய்த்து நிறுத்தியிருந்த தகடுகளின்மேல் அவர் போய் விழ, அவை ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு சரிந்தன. கடை முழுவதும் உடைந்து சிதறிய சத்தம் அடங்க நேரம் பிடித்தது. அது அடங்குவதற்குள் சின்னவன் வந்து சேர்ந்துவிட்டான். என்ன ஏது என்று அவன் கேட்கவில்லை. கண்ணாடித் தூளில் தவழ்ந்து எழ முயன்றவரின் விலாவில் உதைத்தான். அவர் திரும்பி விழுந்தபோது முதுகில் உதைத்தான்.

"மச்சான், அவளுக்கு உடம்பு..." என்று கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். பல்லோடு ரத்தம் வந்தது. "நாளைக்கு முடிவு..."

"முடிவு இன்னைக்கேடா" என்றார் தரக்காரர். அதுவரை மாப்பிள்ளை என்று மட்டுமே கூப்பிட்ட வாயிலிருந்து முதல் தடவையாக அந்த 'டா' வந்தது. "எந்தக் கையால அடிச்சே?"

பதிலுக்குக் காத்திராமல், சின்னவன் கண்ணாடிக்காரரின் வலது கையை இழுத்துக் கல் மேடையில் வைத்து மணிக்கட்டை அழுத்திக்கொண்டான். தரக்காரர் மேடையில் கிடந்த சுத்தியலை எடுத்தார். முதல் அடியில் விரல் எலும்பு நொறுங்கியது. இரண்டாவது அடிக்கு உள்ளங்கை விரிந்து தட்டையானது. கண்ணாடிக்காரர் கத்திய கத்தலில் தெருவில் போனவர்கள் வாசலில் கூடினார்கள். இது குடும்ப விஷயம் என்று சின்னவன் சொன்னதும் ஒதுங்கி நின்றார்கள். கண்ணாடிக்காரரின் சட்டைப்பையிலிருந்து விழுந்த போனையும் சின்னவன் மிதித்து உடைத்தான்.

பாப்பா மாடிப்படியில் உட்கார்ந்தபடியே இறங்கி வந்தாள். நின்று படியிறங்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை. வெறுங்காலோடு கண்ணாடித் தூளில் நடந்து கணவரிடம் போகப் பார்த்தாள். அண்ணன் அவளைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தார். அவள் அவருடைய தோளைக் கடித்தாள். வளர்த்த தோள் கடி வாங்கினால் என்ன என்று அவர் பொறுத்துக்கொண்டார்.

கண்ணாடிக்காரர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். தகடுகள் சரிந்து கைமேல் விழுந்துவிட்டன என்று சொல்லிவிட்டார். மனைவி தரக்காரர் வீட்டில் இருக்கும்போது புகார் கொடுத்தால் அவளுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் அவருக்கு. தரக்காரர் அதற்கும் தன் வழியிலேயே பொருள் சொன்னார்: குற்றமுள்ள நெஞ்சு, அதனால்தான் வாய் திறக்கவில்லை.

பாப்பாவுக்கு அவர் தன் வீட்டிலேயே நல்ல அறையை ஒழித்துக் கொடுத்தார். ஜன்னலை அகலத் திறந்து, கட்டிலை வெயில் விழும் பக்கம் இழுத்துப் போட்டார். இருட்டில் கிடந்த பிள்ளைக்கு வெளிச்சம் பட்டால் தேறிவிடும் என்றார். மூட்டு வலிக்கிறது என்று அவள் முனகும்போதெல்லாம் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிவந்து, தானே தண்ணீரோடு நின்று விழுங்க வைத்தார். அவள் அவரோடு பேசுவதில்லை. அண்ணியிடம் மட்டும் பேசினாள். அந்த ரத்தப் பரிசோதனை முடிவை யாராவது போய் வாங்கி வாருங்கள் என்று கேட்டாள். தரக்காரரின் மனைவி இரண்டு தடவை அதைக் கணவரிடம் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பேச்சே இந்த வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்.

வெளிச்சத்தில் பாப்பா தேறவில்லை. கன்னச் சிவப்பு தடித்துத் தோலுரிந்தது. மாலையானால் காய்ச்சல் அடித்தது. கண்ணிமையும் கணுக்காலும் ஊதிக்கொண்டன. சாப்பாட்டை வாயில் வைத்தால் மேலண்ணம் புண்ணாக இருக்கிறது என்று ஒதுக்கினாள். எல்லாம் அங்கே பட்ட அடியின் மிச்சம், இறங்க நாளாகும் என்று தரக்காரர் சமாதானம் சொன்னார். அடி ஆறும் விதம் அவருக்குத் தெரியாதா என்ன.

ஒரு காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அறைக்குள் எட்டிப் பார்த்தார். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். கையைத் தலைக்கு மேலே போட்டிருந்ததால் மேற்கையின் உட்புறம் தெரிந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கன்றல், பளிச்சென்ற சிவப்பில்.

இன்றையது.

அவர் அப்படியே நின்றார். கதவு உள்ளே தாழிட்ட வீடு. கண்ணாடிக்காரர் வர வழியில்லை. அப்படியானால் அடித்தவன் இந்த வீட்டுக்குள் இருக்கிறான். முந்தின நாள் அதே வீட்டில் இருக்கும் சின்னவன் அவளோடு சண்டை போட்டது நினைவுக்கு வந்தது. அடித்தவனிடமே திரும்பிப் போகிறேன் என்கிறாயே, உனக்கு ரோஷமே இல்லையா என்று கத்தியிருந்தான்.

சின்னவன் கொல்லைக் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தான். தரக்காரர் பின்னாலிருந்து அவன் தலைமுடியைப் பிடித்துக் குழாயில் மோதினார். அவன் திரும்பி, அண்ணனென்று கண்டு கையை இறக்கினான். இறக்கிய பிறகு வாங்கிய அடிதான் அதிகம். தரக்காரர் வாளியின் இரும்புப் பிடியைப் பிடுங்கி அவன் தோளிலும் முழங்காலிலும் விளாசினார். அவன் விழுந்ததும் மார்பின்மேல் முழங்காலை ஊன்றி, முகத்திலேயே குத்தினார். "பாப்பாமேலயா கை வச்சே?" என்று ஒவ்வொரு குத்துக்கும் கேட்டார். சின்னவன் ஒரு பல்லைத் துப்பினான்.

தரக்காரரின் மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்து இருவருக்கும் நடுவில் விழுந்தாள். ஓங்கிய கை நிற்கவில்லை. அவளுடைய காதோரத்தில் இறங்கியது. அவள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றாள். அழவில்லை.

"அடுத்தது நானா? என்னையும் கொக்கியில மாட்டித் தரம் பாத்துருங்க" என்றாள். "அந்தப் பொண்ணு ராத்திரி புரண்டு படுத்தா, காலையில கட்டில் சட்டம் பட்ட இடமெல்லாம் செவக்குது. இன்னைக்குப் பல்லு தேச்சா, துப்புற தண்ணியெல்லாம் ரத்தம். நான் சொன்னா யாரு கேக்குறா இந்த வீட்டுல. கட்டிலையும் சுத்தியல் எடுத்து அடிங்க."

கீழே கிடந்த சின்னவன், உடைந்த வாயால் இன்னொன்றையும் சொன்னான். நான்கு நாளைக்கு முன்னால் கண்ணாடிக்காரர் கட்டுப்போட்ட கையோடு இறைச்சிக் கூடத்து வாசலுக்கு வந்தாராம். அண்ணனுக்குத் தெரிந்தால் வம்பு என்று சின்னவனே அவரைத் தெருமுனைவரை உதைத்துத் தள்ளிக்கொண்டு போனானாம்.

"உதைக்க உதைக்கக் கத்திக்கிட்டே இருந்தாண்ணே. முடிவு வந்துருச்சு, ரத்தத்துல ஏதோ ரொம்பக் கொறஞ்சுபோச்சு, ஒடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு. நடிக்கிறான்னு நெனச்சேன். நீதான சொன்னே, எல்லாம் நடிப்புன்னு."

அந்த நேரத்தில் அறைக்குள் ஏதோ விழுந்தது. பாப்பா சத்தம் கேட்டு எழுந்துவந்து, வாசற்படியிலேயே சாய்ந்திருந்தாள். மூக்கிலிருந்து ரத்தம் கோடாக இறங்கி, உடையின் முன்பக்கத்தை நனைத்துக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், பார்வை நிலைக்கவில்லை.

தரக்காரர் அவளை அள்ளிக்கொண்டு வண்டிக்கு ஓடினார். மனைவி பின் இருக்கையில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு மூக்கை அழுத்திப் பிடித்தாள். துணி மாற்றி மாற்றி நனைந்தது. ஆஸ்பத்திரி வாசலில் மறுபடியும் அவளைத் தூக்கக் குனிந்தபோதுதான் அவர் அதைப் பார்த்தார். வீட்டில் அவர் தாங்கிப் பிடித்த மேற்கையில் விரல்தடம் எழுந்திருந்தது. கட்டைவிரல் ஒருபக்கம். மறுபக்கம் மூன்று நீளத் தடங்களும் ஒரு குட்டைத் தடமும். அவருக்கு ஆள்காட்டி விரலின் நுனி கிடையாது. இளவயதில் எலும்பு அறுக்கும் ரம்பம் கொண்டுபோனது. உலகத்தில் அந்தத் தடத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர்தான். அவர் அடிக்கவில்லை. இறுக்கிப் பிடிக்கக்கூட இல்லை.

அவசரப் பிரிவில் ஓர் இளம் பெண் மருத்துவர் இருந்தார். பாப்பாவின் உடையை விலக்கிக் கால், கை, கன்னம் என்று பார்த்தார். மேற்கைத் தடத்தையும் தரக்காரரின் கையையும் மாறி மாறிப் பார்த்தார். தரக்காரரின் சட்டையில் இருந்த ரத்தக் கறையும், கைமுட்டியில் சின்னவன் பல் பட்டுக் கிழிந்த காயமும் மருத்துவர் கண்ணுக்குத் தப்பவில்லை. யார் அடித்தது என்று கேட்டார்.

"யாரும் அடிக்கலம்மா. தானா வருது" என்றார் தரக்காரர்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று அவருக்கு உறைத்தது. மருத்துவர் நம்பவில்லை. இரண்டு காவலாளிகள் வந்து அவரைச் சுவரோடு சேர்த்துத் தள்ளினார்கள். திமிறியதற்கு ஒருவன் தடியை வயிற்றில் குத்தினான். ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் போலீஸ்காரருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வந்து, இந்தப் பெண்ணுக்கு நினைவு தெளிந்ததும் வாக்குமூலம் வாங்க வேண்டும், அதுவரை இந்த ஆள் ஆஸ்பத்திரியை விட்டுத் தொலைந்துபோகக் கூடாது என்றார்.

பிறகு மூட்டுநோய் மருத்துவரை வரவழைத்தார்கள். தலை நரைத்த அம்மா, எதற்கும் அவசரப்படவில்லை. புள்ளிகளின்மேல் ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லை வைத்து அழுத்தினார், சிவப்பு மறையவில்லை. தோல் சிவந்ததல்ல, தோலுக்கடியில் ரத்தம் கசிந்தது என்று இளையவருக்குச் சொன்னார். இரண்டு கைகளின் விரல் கணுக்களையும் ஒவ்வொன்றாகத் தடவினார். வாயைத் திறந்து மேலண்ணத்தைப் பார்த்தார். சிறுநீர் எடுக்கச் சொல்லி, அதில் நுரை நிற்பதைப் பார்த்தார். கடைசியாகக் காவலாளிகளை விலகச் சொல்லிவிட்டுத் தரக்காரரைக் கட்டிலருகே கூப்பிட்டார்.

"கன்னத்தைப் பாருங்க. ரெண்டு பக்கமும் செவப்பு, மூக்குத் தண்டுமேலயும் செவப்பு. ஆனா மூக்கோரத்துலேருந்து வாய் வரைக்கும் எறங்குற இந்த மடிப்புல மட்டும் இல்ல. அறைஞ்சா இப்படி மடிப்பப் பாத்து விட்டுட்டா அறைவாங்க? மணிக்கட்டும் விரலும் ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி வீங்கியிருக்கு. அடிக்கிறவன் இவ்வளவு நியாயமா ரெண்டு பக்கத்துக்கும் பங்கு போட மாட்டான்."

நோய்க்கு லூபஸ் என்று பெயர் சொன்னார். கிருமியோடு சண்டை போட உடம்பில் ஒரு படை இருக்கிறது. அது சிலருக்கு ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே அடிக்கத் தொடங்கிவிடும். மூட்டு, தோல், சிறுநீரகம் எல்லாம் அதற்கு எதிரிதான். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையும் அது அடித்துத் தீர்த்திருக்கிறது, அதனால்தான் தொட்ட இடமெல்லாம் கன்றுகிறது. இனி மூளைக்குள் கசிந்தால் பிழைப்பது கஷ்டம். வெயில் படக் கூடாது. வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் கெடுக்கும், ரத்தக் கசிவையும் கூட்டும்.

தரக்காரர் தான் கொடுத்த மாத்திரைகளைச் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்காமல் மருத்துவர் எழுதிக்கொண்டார். எப்போது தொடங்கியது, முதலில் எது வந்தது, முன்னால் பார்த்த மருத்துவர் என்ன கொடுத்தார் என்று கேட்டார். தெரியவில்லை. கரு கலைந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லவே இல்லை, இருந்தால் எனக்குத் தெரியாமல் இருக்குமா என்றார் தரக்காரர். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கூடவே இருந்தவங்க யாருன்னு பாத்துக் கூட்டிட்டு வாங்க. சில பேருக்கு இந்த நோயில ஒரு பக்கம் ரத்தம் கசியும், இன்னொரு பக்கம் கட்டியா உறையும். அது தெரியாம கை வச்சா ஆபத்து. சீக்கிரம்."

உடைத்த போனுக்குப் பேச முடியாது. வண்டியை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனார். போலீஸ்காரரும் அவரை நம்பாமல் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். கடைக்குள் உடைந்த தகடுகள் இன்னும் அள்ளப்படாமல் கிடந்தன. கண்ணாடிக்காரர் வலது கையில் மாவுக்கட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தாடை இன்னும் வீங்கியிருந்தது. தரக்காரரைக் கண்டதும் எழுந்து, இடது கையால் காலடியில் கிடந்த நீளச் சில்லு ஒன்றை எடுத்தார். எடுத்த கையும் அறுபட்டது. அதை அவர் பார்க்கவில்லை. ஒரே வீச்சில் தரக்காரரின் காதுமடலிலிருந்து தாடைவரை கிழித்தார்.

ரத்தம் கழுத்துக்குள் இறங்கியது. தரக்காரர் கையைத் தூக்கவில்லை. வாசலில் போலீஸ்காரர் பதறி உள்ளே வந்தார். கண்ணாடிக்காரர் மறுபடியும் ஓங்கினார்.

"அடிங்க மாப்பிள்ளை. ஆனா வண்டியில ஏறி அடிங்க. அவளுக்கு நேரம் இல்ல."

கண்ணாடிக்காரர் சில்லைப் போட்டுவிட்டு ஓடிவந்து வண்டியில் ஏறினார். வழியில் அவர் யாரையும் அடிக்கவில்லை. அவளுக்கு மூச்சு இருக்கிறதா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

மூட்டுநோய் மருத்துவர் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடிக்காரர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். முதலில் விரல் மடங்காமல் போனது. அடுத்து வெயிலில் முகம் எரிந்தது. பிறகு முடி, பிறகு காய்ச்சல், பிறகு கன்றல். மாத்திரைகளின் பெயர்கள் அவருக்கு மனப்பாடம். கரு இரண்டு தடவை கலைந்ததையும் சொன்னார். அண்ணன் கவலைப்படுவார் என்று அவள்தான் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாளாம். கதவோரம் கன்னத்தைத் துணியால் பொத்திக்கொண்டு நின்ற தரக்காரர் அதைக் கேட்டார். மருத்துவர் உடனே எழுந்து, ஏற்ற வேண்டிய மருந்தை மாற்றச் சொன்னார். கரு கலைவது ரத்தம் கட்டியாக உறைவதன் அடையாளமாக இருக்கலாம் என்று, அந்தப் பக்கத்துக்கும் பரிசோதனை எழுதினார்.

பாப்பா பிழைத்தாள். மூளைக்குள் கசியவில்லை. சிறுநீரகத்துக்கு மருந்து நீளும், தப்பித்துக்கொள்ளும் என்றார்கள். நினைவு முழுதாகத் தெளிந்த காலையில் போலீஸ்காரர் வாக்குமூலம் வாங்க வந்தார். கட்டிலருகே கண்ணாடிக்காரர் இருந்தார். கால்மாட்டில் தரக்காரரின் மனைவி. தையல் போட்ட முகத்தோடு தரக்காரர் வாசலில் நின்றார். உள்ளே வரலாமா என்று அவர் கேட்கவும் இல்லை, யாரும் கூப்பிடவும் இல்லை.

அவள் உடம்பில் இருந்த தடங்கள் யார் அடித்தவை என்று போலீஸ்காரர் கேட்டார். என்னை யாரும் அடிக்கவில்லை, அது நோய் என்றாள். மருத்துவரும் அப்படியே எழுதிக் கொடுத்திருந்ததால் அவர் நோட்டை மூடப் போனார்.

"மூடாதீங்க சார்" என்றாள் பாப்பா. கணவரின் மாவுக்கட்டைத் தன் வீங்கிய விரல்களால் தொட்டாள். "இது யாரு அடிச்சதுன்னு கேளுங்க."

"கண்ணாடி சாஞ்சு விழுந்துச்சு" என்றார் கண்ணாடிக்காரர்.

"சாயல. எங்க அண்ணன் சுத்தியலால அடிச்சாரு. சின்ன அண்ணன் கையப் புடிச்சிக்கிட்டான்."

போலீஸ்காரர் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, கூடப் பிறந்தவர்கள், யோசித்துச் சொல்லம்மா என்றார்.

"யாரும் அடிக்கலன்னு அன்னைக்கு எத்தனை தடவ சொன்னேன். ஒருத்தரும் எழுதிக்கல. இப்ப அடிச்சதச் சொல்றேன். எழுதுங்க."

அவர் எழுதினார். எழுதி முடித்ததும் தரக்காரர் சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து மனைவியிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்; சின்னவனுக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று கேட்டாள். அவனே வரட்டும், ஓடச் சொல்லாதே என்றார்.

பிறகு போலீஸ்காரரிடம் திரும்பி, எத்தனை அடி என்று எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்று என்றார் அவர். இரண்டு என்று திருத்திக்கொள்ளும்படி சொல்லிவிட்டு, அவருக்கு முன்னால் படியிறங்கினார்.